கொருக்குப்பேட்டை வீட்டு வழக்கு: அப்பீலில் புது சாட்சி எடுபடுமா?

வணக்கம் அண்ணே. வீடு எப்போதோ வாய்மொழியாகப் பிரிக்கப்பட்டது என்ற உங்கள் வாதம் எடுபடாமல், தங்கைக்கும் பாகம் உண்டு என்று தீர்ப்பாகிவிட்டது. அப்பீலில் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூண்டில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் முடியாது.

முதல் அப்பீலில் சட்டம், சங்கதி இரண்டையும் திரும்ப அலசுவார்கள், உண்மைதான். ஆனால் கீழ்க் கோர்ட்டில் பதிவான வாக்குமூலம், சான்றாகக் குறியிட்ட ஆவணங்களை வைத்துத்தான். புது சாட்சியம் வேண்டுமென்றால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 41, விதி 27-இல் தனி மனு போட வேண்டும். பெரியவர் அன்றைக்கும் அடுத்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தார் என்றால், "அப்போதே ஏன் கூப்பிடவில்லை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் சித்தப்பா வழக்கில் குறுக்கு விசாரணையில் அவர் சொன்ன "ஞாபகமில்லை" என்ற ஒற்றைச் சொல்லிலேயே அரை மணி நேர வாதம் ஓடியது. அதனால் உங்கள் வாக்குமூலத்தை வரி வரியாகப் படியுங்கள்.

அப்புறம், இது பிரிலிமினரி டிகிரிதானே (யாருக்கு எவ்வளவு பாகம் என்று மட்டும் சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை), ஃபைனல் டிகிரி (வீட்டைப் பிரித்துக் கொடுக்கும் இறுதி ஆணை) வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். இப்போது அப்பீல் போடாவிட்டால் பிறகு இதைக் கேள்வி கேட்க முடியாது (அதே சட்டம், பிரிவு 97). ஹைகோர்ட் என்றால் 90 நாள், மற்ற கோர்ட் என்றால் 30 நாள். நகல் மனு போட்டதிலிருந்து நகல் கிடைக்கும் வரை ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது, எனவே நகல் மனுவை நாளைக்கே போடுங்கள். அப்பீல் போட்டாலே ஸ்டே (தீர்ப்பை நிறுத்திவைக்கும் தடை) கிடைத்ததாக அர்த்தமில்லை, அதற்கும் தனி மனு உண்டு.