பழைய மேட்டடார் வேனில் டீசல் டேங்க் துருப்பிடித்து ஒழுகுகிறது. ஒட்டுப் போடலாமா, புதிதாக மாற்றலாமா? மாற்றினால் மறுபடி துருப்பிடிக்காமல் இருக்க என்ன பூசுவது?

மாற்றிவிடுங்கள். வேனுக்குள் கட்டில், அடுப்பு எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு படுத்துத் தூங்குகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட வண்டியில் ஒட்டுப் போட்ட டேங்க் வேண்டாம்.

நடுவழியில் கசிந்தால் சலவை சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேய்த்து அடைப்பது பழைய டிரைவர்கள் செய்யும் வித்தை. சோப்பு டீசலில் கரையாது, அதனால் ஊர் வந்து சேரும் வரை தாங்கும். பிசைந்து ஒட்டும் எம்-சீல் பசையும் அந்த வகைதான். நிரந்தரமாக ஒட்ட வேண்டுமானால் வெல்டிங் வைக்க வேண்டும், சிக்கலே அங்கேதான். ஓட்டையைச் சுற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகக் குத்திப் பாருங்கள். அடித்தகடு முழுக்கக் காகிதமாக இளைத்திருக்கும். ஒரு ஓட்டையை அடைக்க வைத்த நெருப்பு பக்கத்தில் இரண்டைத் திறந்துவிடும். இன்னொன்று, டீசல்தானே, பெட்ரோல் மாதிரி பற்றாது என்று சொல்லும் வெல்டரிடம் போகாதீர்கள். காலி டேங்க்கில் நிற்கும் டீசல் ஆவி சூடு பட்டால் வெடிக்கும்.

புது டேங்க்குக்கு இரண்டு வழி. பழைய வண்டி உடைக்கும் கடைகளில் நல்ல டேங்க் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் மதுரையில் புதூர், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் தகடு மடிக்கும் பட்டறைகளில் பழைய டேங்க்கை மாதிரிக்குக் கொடுத்துச் செய்துகொள்ளலாம். பட்டறைக்காரர், "அண்ணே, ஜிஐ தகட்டுல அடிச்சிருவோம், துருவே பிடிக்காது" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. தண்ணீர்த் தொட்டிக்கு அது அருமை, டீசலுக்கு ஆகாது. டீசலில் உள்ள அமிலத்தன்மை துத்தநாகப் பூச்சோடு சேர்ந்து சோப்புப் பிசுக்கு மாதிரி ஒன்றை உண்டாக்கும். அது ஃபில்டரைத் தாண்டி, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் வரை போய் அடைக்கும், பம்ப் செலவு வேறு வரும். சாதா இரும்புத் தகடு (எம்எஸ்) 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர் போதும். காசு இடம் கொடுத்தால் 304 எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு. உள்ளே டீசல் அலம்பாமல் இருக்கக் குறுக்குத் தகடும், அடியில் தண்ணீரை இறக்க ஒரு டிரெய்ன் போல்ட்டும் வைக்கச் சொல்லுங்கள். இன்ஜினுக்கு டீசல் உறிஞ்சும் ஃபீட் பைப் அடியைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும், அடியில் தங்கும் தண்ணீரையும் கசடையும் உறிஞ்சாமல் இருக்க.

கசிவு பார்க்க வெல்டிங் தையல்மேல் வெளியே சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே கொஞ்சம் டீசல் ஊற்றிப் புரட்டி வையுங்கள். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் கறை தெரியும். கம்ப்ரெஸரை வைத்து முழு அழுத்தத்தில் காற்று அடிக்க விடாதீர்கள், டேங்க் உப்பிவிடும்.

உள்பக்கம் எதுவும் பூச வேண்டாம் என்பது என் கட்சி. எபாக்ஸி சீலர் என்று விற்கிறார்கள். சுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் செதில் செதிலாக உரிந்து பைப்பை அடைக்கும். டீசல் நனைந்த தகடு சுலபத்தில் துருப்பிடிக்காது, அடியில் நிற்கும் தண்ணீர்தான் அரிக்கிறது. பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் காலியிடத்துக் காற்றின் ஈரம் ராத்திரியில் வியர்த்து உள்ளே இறங்கும். நிறுத்தும்முன் முழுசாக நிரப்பிவிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை அந்த டிரெய்ன் போல்ட்டைத் தளர்த்தி அடித்தண்ணீரை இறக்குங்கள்.

வெளிப்பக்கத்துக்குத்தான் காசைச் செலவழிக்க வேண்டும். தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அது காய்ந்ததும் மேலே எபாக்ஸி கறுப்பு பெயின்ட். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமரோடு நிறுத்தினால் அடுத்த மழைக்காலம் தாண்டாது. சேஸிஸுக்கு அடிக்கும் தார்ப்பூச்சை டீசல் ஊற்றும் வாய்ப்பக்கம் அடிக்காதீர்கள், டீசல் சிந்தினால் கரைந்து வழியும்.

இவ்வளவு செய்தும் துரு எங்கே ஆரம்பிக்கும் தெரியுமா? டேங்க்கைத் தாங்கும் பட்டைக்கு அடியில். பழைய வண்டிகளில் அங்கே சணல் சாக்கோ துணியோ வைத்திருப்பார்கள். அது சேற்றையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டையும் பட்டைக் கோட்டை ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சாக்கை எடுத்துவிட்டுத் தடிமனான ரப்பர் பட்டை வையுங்கள், மாட்டும்போது இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி. இதில் ஒரு தொந்தரவு வரும்: பெயின்டும் ரப்பரும் சேர்ந்து டேங்க்குக்கும் வண்டி உடம்புக்கும் உள்ள மின் இணைப்பை (எர்த்) அறுத்துவிடும், டீசல் அளவு காட்டும் முள் அசையாது. டேங்க்குக்குள் அளவு பார்க்கும் மிதவையின் (ஃப்ளோட்) மேல்தகட்டிலிருந்து சேஸிஸுக்கு ஒரு ஒயர் இழுத்துவிட்டால் சரி.

மதுரை வெயிலில் வண்டி அடிப்பாகம் அத்தனை சீக்கிரம் அழியாது. ராமேஸ்வரம் போவீர்களா? 2017-இல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ரோடு வந்தபிறகு எல்லாரும் வண்டியை அந்த முனை வரை விடுகிறார்கள். இரண்டு பக்கமும் கடல், உப்புக்காற்று, உப்பு மணல். திரும்பி வந்த மறுநாளே சர்வீஸ் ஸ்டேஷனில் ஏற்றி நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லுங்கள், முக்கியமாகப் பட்டை இடுக்கில்.

மாட்டி முடித்ததும் புது டீசல் ஃபில்டர் போட்டு, டீசல் லைனில் இருக்கும் கை பம்ப்பை (பிரைமர்) அடித்து உள்ளே சிக்கிய காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பழைய டேங்க்கின் துருத்தூள் பைப்பில் மிச்சம் இருக்கும், அதனால் முதல் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும்.