ஜூன் மாதத்திலும் போகாமல் நிற்கும் மூக்கன்கள்

கேள்வி: டிசம்பரில் கழிமுகத்துச் சேற்றில் நாற்பது பறவைகள் பார்த்தேன். புறாவைவிடப் பெரிய உடல், நீண்ட கால், நீண்ட அலகு, மங்கலான பழுப்பு நிறம். அலகின் அடிப்பகுதி இளஞ்சிவப்பு, நுனி கறுப்பு. மார்ச் கடைசியில் போனபோது சில செங்கல் நிறமாகியிருந்தன, சில அப்படியே பழுப்பு. சிலவற்றின் அலகு மற்றவற்றைவிட நன்றாக நீளம். இப்போது ஜூன். கூட்டம் போய்விட்டது, ஆறு மட்டும் நிற்கின்றன. மேய்கின்றன, நெருங்கினால் பறந்துபோய்த் தள்ளி இறங்குகின்றன. இவை ஒரே இனமா, இரண்டா? கருவால் மூக்கனா, பட்டைவால் மூக்கனா? ஆறுக்கும் அடிபட்டிருக்குமோ? பிடித்து யாரிடமாவது ஒப்படைக்கலாமா? மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது கொஞ்சம் கலங்கிவிட்டது.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். பிடிக்க வேண்டாம். மேய்கின்றன, நெருங்கினால் பறக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டும் சரியாக இருந்தால் பறவை நலமாகத்தான் இருக்கிறது. அவை ஏன் போகவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது ஒரே இனம்தான், பட்டைவால் மூக்கன். இதை உறுதியாகச் சொல்ல உதவியது கலங்கிவிட்டது என்று நீங்கள் வருந்திய அந்த மூன்றாவது படம். அதில்தான் பறவைகள் பறக்கின்றன. நிற்கிற மூக்கனைப் பார்த்துக் குழம்பியவர்களுக்குக்கூட, அது இறக்கையை விரித்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும். கருவால் மூக்கன் பறக்கும்போது இறக்கையின் நீளத்துக்கும் அகலமான வெள்ளைப் பட்டை ஓடும். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெள்ளை, வால் கறுப்பு. அரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் கண்ணைப் பறிக்கும் நிறங்கள் இவை. உங்கள் படத்தில் இறக்கை வெறுமையாக இருக்கிறது. வாலில் மெல்லிய குறுக்குக் கோடுகள். கால்விரல்கள் மட்டும் வாலைத் தாண்டி எட்டிப் பார்க்கின்றன. கருவால் மூக்கனாக இருந்தால் பாதம் முழுவதும் வெளியே நீண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வாலுக்கு மேலே உள்ள அந்த வெள்ளையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் பட்டைவால் மூக்கனுக்கும் அங்கே வெள்ளை உண்டு, அது முதுகு வரை ஆப்பு மாதிரி ஏறும். அலாஸ்காவில் பிறக்கும் அதே இனத்துப் பறவைக்கு அந்த இடம் பழுப்புக் கோடுகளால் நிறைந்திருக்கும். வெள்ளை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, இறக்கையில் பட்டை இருக்கிறதா என்பதையே பாருங்கள்.

பறக்காமல் நிற்கும்போது முதுகைப் பாருங்கள். குளிர்காலத்தில் கருவால் மூக்கனின் முதுகு ஒரே துணியில் தைத்த சட்டை மாதிரி, வரியில்லாத சாம்பல் பழுப்பு. பட்டைவால் மூக்கனுக்கு ஒவ்வோர் இறகின் நடுவிலும் கருங்கோடு, ஓரம் வெளிர்; அதனால் கோட்டானின் (ஆந்தை அல்ல, அந்தப் பெயருள்ள கரைப்பறவை) முதுகைப் போல வரிவரியாகத் தெரியும். உங்கள் முதல் படத்தில் இது தெளிவாக இருக்கிறது. அடுத்தது கால். முழங்கால் என்று நாம் நினைக்கும் அந்த மூட்டு உண்மையில் பறவையின் கணுக்கால். அதற்கு மேலே தெரியும் கால்பகுதி கருவால் மூக்கனுக்கு நீளம், பட்டைவாலுக்குக் குட்டை. எனவே பட்டைவால் மூக்கன் கொஞ்சம் தாழ்ந்து, கட்டையாகத் தோன்றும்.

அலகை நான் கடைசியில்தான் வைப்பேன். பட்டைவாலின் அலகு லேசாக மேல்நோக்கி வளையும், கருவாலுடையது கிட்டத்தட்ட நேர். ஆனால் வளைவு மிகச் சிறியது. பறவை தலையைத் திருப்பும் கோணத்தில் அது மறையும், இல்லாத இடத்தில் இருப்பது போலவும் தெரியும். வேறு இனங்களோடு குழப்பம் வராமலிருக்க மட்டும் அலகு நன்றாக உதவும். கோட்டானுக்குக் கீழ்நோக்கி வளைவு. பச்சைக்காலிக்கு மேல்நோக்கி லேசான வளைவு உண்டு, ஆனால் அலகில் இளஞ்சிவப்பு இல்லை, கால் பச்சை.

சரி, நிறத்துக்கு வருவோம். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். மூக்கன் ஆண்டுக்கு இரண்டு உடை போடும் பறவை. கூடு கட்ட வடக்கே போகும் முன் ஆண் பறவை செங்கல் சிவப்பாகிறது. பட்டைவால் மூக்கனில் அந்தச் சிவப்பு முகத்தில் தொடங்கி வாலின் அடிப்பக்கம் வரை போகும். கருவாலில் அது மார்போடு நின்றுவிடும், வயிறு வெள்ளை, அதில் கருங்கோடுகள். பட்டைவாலின் பெண் பறவை அவ்வளவாகச் சிவப்பதில்லை. வெளிர் காவி ஏறும், சிலவற்றில் மாற்றமே கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பெண்தான் உருவத்தில் பெரியது, அவளுக்குத்தான் நீளமான அலகு. ஆக, மார்ச்சில் நீங்கள் பார்த்த சிவப்பும் பழுப்பும், நீள அலகும் குட்டை அலகும், பெரும்பாலும் ஆண் பெண் வித்தியாசம். அடுத்த முறை கவனியுங்கள்: நீள அலகுக்காரி கொஞ்சம் ஆழமான நீரில் மேய்வாள்.

அந்த அலகைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது வெறும் குச்சி அல்ல. நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் உண்டு, அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். சேற்றுக்குள் கண்ணால் பார்க்க முடியாத புழுவை அது தொட்டு உணர்கிறது. அப்புறம், முழு அலகையும் திறக்காமல் நுனியை மட்டும் திறந்து இரையைக் கவ்வ முடியும். சேற்றில் முகம் வரை புதைத்துக்கொண்டு நிற்கும் மூக்கனை அடுத்த முறை பார்க்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது அந்த ஆறு பறவைகள். பட்டைவால் மூக்கன் கூடு கட்டுவது ஸ்காண்டிநேவியாவின் வடக்கிலிருந்து சைபீரியா வழியாக அலாஸ்கா வரை நீளும் தூந்திரப் பகுதியில், அதாவது மரங்களற்ற குளிர்நிலத்தில். அங்கே போய்ச் சேருவது சாதாரண வேலை இல்லை. 2007-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஈ7 என்ற பெண் பறவை, அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,500 கிலோமீட்டருக்கு மேல், எட்டு நாள் இடைநிற்காமல் பறந்தது. 2022 அக்டோபரில் பி6 என்ற பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் கடந்தது. அதற்கு வயது ஐந்து மாதம்தான்! வழியில் உணவு இல்லை, கடலில் மிதந்து இளைப்பாறும் வழக்கமும் இல்லை. இத்தகைய பயணத்துக்கு முன் பறவை தன் எடையில் பாதிக்குமேல் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. பறக்கும்போது தேவைப்படாத இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன.

இனப்பெருக்க வயது வராத பறவைக்கு இவ்வளவு செலவு செய்து வடக்கே போவதால் பயன் இல்லை. பட்டைவால் மூக்கன் முட்டையிடத் தொடங்கவே சில ஆண்டுகள் ஆகும். அதுவரை இளம் பறவைகள் பலவும் கோடையிலும் குளிர்கால வாழிடத்திலேயே தங்கிவிடுகின்றன. முதல் ஆண்டுப் பறவைகள் சிவப்பாவது அரிது, ஜூனில் அவற்றின் இறகுகள் நைந்து, இறக்கையில் இடைவெளி விழுந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். பழைய இறகு உதிர்ந்து புதிது முளைப்பதால்தான் அந்தக் கோலம், நோயால் அல்ல. ஒற்றைக் காலில் நிற்பதையும், அப்படியே தத்திப் போவதையும் பார்த்து மனம் பதற வேண்டாம். கரைப்பறவைகள் இளைப்பாறும்போது ஒரு காலை வயிற்றில் மடக்கிக்கொள்ளும்.

கவலைப்பட வேண்டியது வேறு சில அறிகுறிகளுக்கு: ஒரு பக்கத்து இறக்கை மட்டும் தொங்குவது, காலில் தூண்டில் நரம்பு சுற்றியிருப்பது, மற்றவை எழும்பியும் ஒன்று மட்டும் பறக்காமல் நிற்பது. அப்போதும் துரத்திப் பிடிக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனவிலங்கு மீட்புப் பணியாளர்களுக்குச் சொல்லுங்கள்.

பறக்கும் படம்தான் உதவியது என்று சொன்னேன். அதற்காக யாரும் கூட்டத்தைக் கலைத்துவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. கொழுப்புச் சேர்க்கும் மாதங்களில் ஒவ்வொரு வீண் பறத்தலும் அந்தச் சேமிப்பைக் கரைக்கும். பட்டைவால், கருவால் இரண்டையுமே அச்சுறுத்தலை நெருங்கிய இனங்களாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. நியூசிலாந்திலிருந்து வடக்கே போகிறவை இறங்கித் தின்று தேறும் மஞ்சள் கடல் சேற்றுவெளிகளில் பெரும்பகுதி மண் நிரப்பப்பட்டுப் போய்விட்டது. தென்கொரியாவில் 2006-இல் அடைக்கப்பட்ட சேமங்கும் தடுப்பணை மட்டுமே 33 கிலோமீட்டர். மீதமிருக்கிற இடங்களில் நாமும் அவற்றை விரட்ட வேண்டியதில்லை. கடல் ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், ஓரிடத்தில் அசையாமல் உட்காருங்கள். நீர் ஏற ஏறச் சேறு மூழ்கும், பறவைகள் தாமாகவே உங்கள் பக்கம் ஒதுங்கும், ஒதுங்க இடம் தேடி எழும்பும்போது இறக்கையும் வாலும் தெரியும்.

அப்படி உட்காரும்போது கால்களையும் பாருங்கள். உங்கள் இரண்டாவது படத்தில் இடமிருந்து நான்காவது பறவையின் காலில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கிறது. அது ஒட்டிய சேறாக இருக்கலாம், பறவையை அடையாளம் காண ஆய்வாளர்கள் காலில் கட்டும் சிறிய வண்ணக் கொடியாகவும் இருக்கலாம். கொடி என்றால் வலது காலா இடது காலா, கணுக்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், ஒன்றுக்கு மேல் இருந்தால் எது மேலே, எழுத்து தெரிந்தால் என்ன எழுத்து என்று அங்கேயே எழுதிவைத்துக்கொண்டு, நாள், நேரம், இடத்தோடு எனக்கு அனுப்புங்கள். எந்த நாட்டில், எந்த ஆண்டில் கட்டிய கொடி என்று விசாரித்துச் சொல்கிறேன்.