வரைபடத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு இன்றே விலை கொடுக்கலாமா?

கேள்வி: நகரத்துக்கு வெளியே, பள்ளி, பூங்கா, கடைவீதி எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட்டுக் கட்டப்படும் பெரிய குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்க நினைக்கிறோம். முதல் கட்ட வீடுகளில் ஆட்கள் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாம் கட்டத்துக்கு இப்போது முன்பதிவு நடக்கிறது. அடுத்த மாதம் விலை ஏறிவிடும் என்று விற்பனைப் பிரிவில் சொல்வதால், உடனே முன்பணம் கட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். பள்ளியும் ரயில் நிலையமும் வரட்டும், கடன் வட்டியும் குறையட்டும் என்பது என் எண்ணம். எங்கள் மகளுக்கு எட்டு வயது. நாங்கள் எப்போது வாங்குவது நல்லது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அடுத்த மாதம் விலை ஏறும் என்பது அநேகமாக உண்மையாகவே இருக்கும். கட்டம் கட்டமாக விற்கப்படும் குடியிருப்புகளில், ஒவ்வொரு கட்டத்துக்கும் விலையைச் சற்று உயர்த்திக்கொண்டே போவது விற்பவர்களின் வழக்கம். தொடக்கத்தில் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் குறைந்த விலையைச் சலுகை என்று புரோஷரில் அச்சிடுகிறார்கள். என்னைக் கேட்டால், தூசியையும் லாரிச் சத்தத்தையும் தாமதத்தையும் பொறுத்துக்கொள்வதற்கு அவருக்குத் தரப்படும் கூலி என்றுதான் அதைச் சொல்வேன். அந்தக் கூலி உங்கள் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா என்பதை வைத்துத்தான் நீங்கள் இருவரும் காலத்தை முடிவு செய்ய வேண்டும்.

திட்டமிட்ட குடியிருப்புகளுக்கு இன்றும் முன்மாதிரியாகக் காட்டப்படும் ரெஸ்டன் என்ற ஊர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. ராபர்ட் சைமன் என்பவர் 1964-இல் அதைத் தொடங்கினார். வீடுகள் எதிர்பார்த்த வேகத்தில் விற்காததால் பணம் முடங்கியது. 1967-இல், கடன் கொடுத்திருந்த எண்ணெய் நிறுவனமான கல்ஃப் ஆயில் நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, நிறுவியவரையே வெளியே அனுப்பியது. ஊர் கைவிடப்படவில்லை, நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அதன் நகர மையம் திறக்கப்பட்டது 1990-இல். மெட்ரோ ரயில் அங்கே முதன்முதலில் வந்து நின்றது 2014-இல். 1965-இல் எட்டு வயதில் அங்கே குடிவந்த ஒரு குழந்தைக்கு நகர மையம் வந்தபோது முப்பத்து மூன்று வயதும், ரயில் வந்தபோது ஐம்பத்தேழு வயதும் ஆகியிருக்கும். திட்டம் நல்லதாக இருந்தும், செய்பவர்கள் நேர்மையாக இருந்தும்கூட இவ்வளவு காலம் பிடிக்கலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நானும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட இடத்தில் முதல் கட்டத்திலேயே வாங்கியவன். வாசலுக்கு எதிரே இருந்த காலிமனையில் ‘இங்கே பள்ளி அமையவிருக்கிறது’ என்று ஒரு நீலப் பலகை நட்டிருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் அதன் எழுத்துகள் வெளுத்தன. நான்காம் ஆண்டில் கொடி ஏறி ‘அமையவிருக்கிறது’ என்ற சொல்லை மட்டும் மூடிவிட்டது. பள்ளி நடத்த முன்வந்தவர்கள் போதுமான பிள்ளைகள் இல்லையென்று தயங்கினார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பள்ளி இல்லையென்று தயங்கின. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கடை, மருந்தகம், பேருந்து எல்லாமே இப்படித்தான் ஆள் சேரும்வரை காத்திருக்கும். எனவே பள்ளி எப்போது வரும் என்று விற்பனை மேசையில் கேட்பதைவிட, எத்தனை வீடுகளில் உண்மையிலேயே ஆள் இருக்கிறார்கள் என்று நீங்களே பார்ப்பது பயன் தரும். வேலை நாள் ஒன்றில் இரவு எட்டு மணிக்கு முதல் கட்டத்துத் தெருக்களில் நடந்து, விளக்கெரியும் வீடுகளை எண்ணுங்கள். விற்றுத் தீர்ந்த வீடுகளில் பாதி இருட்டாகக் கிடந்தால், அவற்றை வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கவில்லை என்று பொருள்.

உங்கள் மகளின் வயதுதான் இதில் முக்கியமான கணக்கு. இன்று பதிவு செய்யும் இரண்டாம் கட்ட வீடு கைக்கு வர இரண்டு ஆண்டுகள் என்று அவர்கள் சொன்னால், மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அதன்பின் இன்னும் சில ஆண்டுகள் கழித்துத் திறக்கும் பள்ளியால் அவளுக்குப் பெரிய பயன் இராது. ஆகவே இப்போது படிக்கும் பள்ளிக்கு அங்கிருந்து தினமும் போய்வர முடியுமா என்று மட்டும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை காரில் போய் மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு வருவது இதற்கு உதவாது. வாரநாள் காலை ஏழரை மணிக்கு அங்கிருந்து கிளம்பி, பள்ளி வாசல் வரையிலும் உங்கள் அலுவலகங்கள் வரையிலும் ஒரு முறை வந்து பாருங்கள்.

வட்டி விஷயத்தில் உங்களோடு முழுவதும் ஒத்துப்போக முடியவில்லை. 20 ஆண்டுக் கடனுக்கு வட்டி 9 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 7 சதவீதம் குறையும். அதற்காகக் காத்திருக்கும் காலத்தில் வீட்டின் விலை ஏழெட்டு சதவீதம் ஏறிவிட்டால் கணக்கு நேராகிவிடும். மேலும், வட்டி பின்னால் குறைந்தால் கடனை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் வழி உண்டு. கொடுத்த விலையை மாற்ற வழியில்லை. நீங்கள் அஞ்ச வேண்டியது, வீடு கைக்கு வரும்வரை வாடகையும் தவணையும் சேர்ந்து வரும் மாதங்களைத்தான். கட்டவிருக்கும் தவணைக்குச் சமமான தொகையை அடுத்த ஆறு மாதங்களுக்கு ஒரு தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மூன்றாம் மாதமே அதிலிருந்து எடுக்க நேர்ந்தால், எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் உங்களுக்கு இது காலமல்ல.

நீங்கள் இருவருமே பேசாத ஒரு வழியையும் சொல்கிறேன். முதல் கட்டத்தில் வாங்கியவர்களில் சிலர் வேலை மாற்றம், குடும்பச் சூழல் காரணமாக இப்போதே விற்க முயன்றுகொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே புத்தம்புதிய வீடுகளை நிறுவனம் விற்றுக்கொண்டிருப்பதால், அவர்களால் பிடிவாதமாகப் பேரம் பேச முடியாது. அங்கே சுவரின் விரிசலும் குழாயின் அழுத்தமும் மழைநீர் தேங்கும் மூலையும் உங்கள் கண்ணுக்கே தெரியும். இதே நிலைமை நாளை உங்களுக்கும் வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்: இரண்டாம் கட்டத்தில் வாங்கி நான்கு ஆண்டுகளில் விற்க நேர்ந்தால், மூன்றாம் கட்டத்தின் புது வீடுகளோடு நீங்கள் போட்டி போட வேண்டியிருக்கும். (எல்லாம் முடியட்டும் என்று கடைசிவரை காத்திருப்பவர்களுக்குச் சாலையோர மனையோ, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஒட்டிய மனையோதான் பெரும்பாலும் மிஞ்சும்.)

எந்தக் கட்டத்தில் வாங்கினாலும், குடியிருப்போர் சங்கத்தின் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தொடக்க ஆண்டுகளில் பராமரிப்புச் செலவின் ஒரு பகுதியை நிறுவனமே ஏற்றுக்கொண்டு கட்டணத்தைக் குறைவாகக் காட்டுவது உண்டு. பொறுப்பு குடியிருப்பவர்கள் கைக்கு மாறிய பிறகுதான் லிஃப்ட், நீச்சல்குளம், காவலர் சம்பளம் எல்லாவற்றின் உண்மையான செலவும் தெரியவரும். ஒப்படைப்பு எப்போது, பூங்காவும் சாலைகளும் யார் பெயரில் பதிவாகியுள்ளன, பெரிய பழுதுகளுக்கென்று சேமநிதி இருக்கிறதா என்று சங்கத்துச் செயலாளரைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எனவே இந்த மாதம் முன்பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் கட்டத்தில் விலைக்கு வரும் வீடுகளைப் பாருங்கள். அதிலும் தயக்கம் இருந்தால், அங்கேயே ஓராண்டு வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். அடுத்த மாத விலையேற்றம் இரண்டாம் கட்டத்துக்குத்தானே தவிர, இந்த இரண்டு வழிகளுக்கும் இல்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.