வாசகர் கேள்விகள்: வாட்டர்சனின் புத்தகத்தில் புலி எங்கே?

கேள்வி: பள்ளி நாள்களிலிருந்தே 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' படக்கதையில் ஊறியவன் நான். அதை வரைந்த பில் வாட்டர்சன், ஜான் காஷ்ட் என்னும் ஓவியருடன் சேர்ந்து வெளியிட்ட 'தி மிஸ்டரீஸ்' நூலை ஆசையோடு வாங்கினேன். இருபது நிமிடத்தில் படித்து முடித்துவிட்டேன். சிரிப்பும் இல்லை, வண்ணமும் இல்லை. பணத்தை வீணாக்கிவிட்டேனா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதல் முறை படித்தபோது எனக்கு அந்த இருபது நிமிடம்கூட ஆகவில்லை, மூடி வைத்துவிட்டு, தங்களைப் போலவே மனம் சுணங்கித்தான் போனேன். 1985 நவம்பர் 18 அன்று தொடங்கிய படக்கதையை, புகழின் உச்சியில் இருக்கும்போதே 1995 டிசம்பர் 31 அன்று தாமாகவே நிறுத்திக்கொண்டவர் வாட்டர்சன். அதன் பிறகு கிட்டத்தட்ட 28 ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்களுக்கு 2023 அக்டோபரில் கிடைத்தது, 72 பக்கமே உள்ள, கறுப்பு வெள்ளையில் இருண்டு கிடக்கும் ஒரு சிறு நூல். ஆறு வயதுப் பையன் கால்வினும் அவனுடைய புலி ஹாப்ஸும் சறுக்குவண்டியில் ஏறி வெள்ளைவெளேரென்ற பனியில் இறங்கிப் போகும் அந்தக் கடைசிப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைத் திறந்தால் கண் இருட்டத்தான் செய்யும்.

ஆனால் கதையைச் சற்று நின்று பாருங்கள். பழங்காலத்து நாடு ஒன்று. அதைச் சூழ்ந்த காட்டில் மர்மங்கள் குடியிருப்பதாக மக்கள் நடுங்குகிறார்கள். காரணம் புரியாத துன்பங்களுக்கு முடிவு கட்ட அரசன் வீரர்களை அனுப்புகிறான். போனவர்கள் திரும்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரே ஒருவர் மட்டும், நைந்து நொறுங்கிய நிலையில், மர்மம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்கிறார். அதைப் பார்த்த மக்களோ "இவ்வளவுதானா!" என்று அலட்சியமாகத் திரும்பிப் போகிறார்கள். அச்சம் தீர்ந்ததும் காட்டை வெட்டுகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதைத் தாங்களே படித்துவிட்டீர்கள்.

இங்கேதான் எனக்குப் புலி கண்ணில் பட்டது. கால்வின் தனியாக இருக்கும்போது ஹாப்ஸ் உயிருள்ள புலி. அப்பாவோ அம்மாவோ அறைக்குள் வந்துவிட்டால் வெறும் துணிப் பொம்மை. இரண்டில் எது உண்மை என்று வாட்டர்சன் பத்தாண்டுகளில் ஒரு முறையும் தீர்த்துச் சொன்னதில்லை. அந்தப் புலியைக் கடைகளில் விற்க உரிமம் தரும்படி கேட்டபோதும் மறுத்தார். ஹாப்ஸ் உண்மையா இல்லையா என்பதைப் பொம்மை செய்கிறவர் முடிவு செய்வதில் தமக்கு விருப்பமில்லை என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. கையில் பிடித்துக் காட்டப்பட்ட மர்மத்தைப் பார்த்து மக்கள் உதட்டைப் பிதுக்கும் பக்கத்துக்கும், கடை அலமாரியில் விலைச் சீட்டோடு உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு ஹாப்ஸுக்கும் அதிகத் தூரமில்லை. சிரிப்பு இல்லை என்பது மெய்தான். ஆள் மட்டும் அதே ஆள்.

குறையும் உண்டு. பக்கத்துக்கு ஓரிரு வரி என்ற கணக்கு தொடக்கத்தில் அழகாகப் பொருந்துகிறது. காடு அழியத் தொடங்கிய பிறகோ, படங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டதை வரிகளும் ஒரு முறை சொல்கின்றன. அந்த இடங்களில் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள்.

கேள்வி: படங்களில் வாட்டர்சனின் கோடே தெரியவில்லையே! எதை அவர் செய்தார், எதை மற்றவர் செய்தார்?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: தாங்கள் தேடுவது, தூரிகையை மையில் தோய்த்து அவர் இழுக்கும், ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும் அந்தக் கோட்டை. அது இந்நூலில் இல்லை, வேண்டுமென்றே விடப்பட்டது. கதையை எழுதியவர் வாட்டர்சன். காஷ்ட், பெரிய மனிதர்களின் முகங்களை நுணுக்கமான கேலிச்சித்திரங்களாகத் தீட்டிப் பெயர் பெற்றவர். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய உருவப்பட அரங்கில் அவர் ஓவியங்கள் உள்ளன. இருவரும் தத்தம் பழைய வேலைமுறையை விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். உருவங்களைச் செதுக்கி, காட்சியாக அமைத்து, படம்பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். தங்களுக்குள் கருத்து மோதல் நிறைய இருந்ததை இருவருமே மறைக்கவில்லை.

2014 ஜூனில் ஸ்டீபன் பாஸ்டிஸின் 'பேர்ல்ஸ் பிஃபோர் ஸ்வைன்' என்னும் நாளிதழ்ப் படக்கதைக்கு வாட்டர்சன் ரகசியமாகக் கைகொடுத்தபோது, மூன்று நாள்களின் கட்டங்களில் அவருடைய கை தனியாகத் தெரிந்தது. இங்கே அப்படிப் பிரிக்க வழியில்லை. முகங்களைப் பாருங்கள். கண் பிதுங்க அஞ்சி நிற்கும் அந்த மிகை காஷ்டினுடையதாகத் தோன்றுகிறது. ஆனால் கால்வின் அலறும்போது அவன் வாய் முகத்தையே விழுங்கிவிடுமே, அதுவும் அங்கே இருக்கிறதே!

கேள்வி: எட்டு வயது மகளுக்கு இதை வாங்கித் தரலாமா?
- ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: இது பெரியவர்களுக்கான கதை என்று வெளியிட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். மகளுக்குக் கால்வின் தொகுப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, இதைத் தங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள். புலி உண்மையா என்று அவள் கேட்டால் பதில் சொல்லிவிடாதீர்கள்.