கேள்வி பதில்: மாறாத புண்ணும் பேஜ் மருந்தும்

கேள்வி: அப்பாவுக்குச் சீனி வருத்தம். காலில் வந்த புண் மூன்று மாதமாக மாறவில்லை. கல்ச்சர் ரிப்போட்டில் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா என்று போட்டு, மருந்துகளுக்கு நேரே அநேகமாக எல்லாம் ‘ஆர்’ (அந்த மருந்துக்கு மசியாது) என்றிருக்கிறது. பற்றீரியாவை அழிக்கும் பேஜ் என்ற வைரஸ் மருந்து ஜோர்ஜியாவில் விற்கிறதாம், வாங்கி அனுப்பட்டா என்று பிரான்சிலுள்ள சித்தப்பா கேட்கிறார். வாங்கலாமா?
– வாசகி, பரந்தன்

பதில்: சித்தப்பா சொல்வது உண்மைதான். திபிலிசி நகரிலுள்ள எலியாவா நிறுவனம் 1923இல் தொடங்கியது. அந்நாட்டுப் பார்மசிகளிலேயே பேஜ் கலவை கிடைக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். ஒரு அன்டிபயோட்டிக் பல இனப் பற்றீரியாவையும் தாக்கும். பேஜ் அப்படியல்ல, ஒரே இனத்துக்குள்ளும் சில வகைகளைத்தான் பிடிக்கும். அப்பாவின் புண்ணிலுள்ள சூடோமோனாஸில் அது ஒட்டாவிட்டால், ஊற்றுவது வெறும் தண்ணீர்தான்.

ஆகவே முதலில் பொருத்தம் பார்க்க வேண்டும். நோயாளியின் பற்றீரியாவை ஏகார் தட்டில் (பற்றீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) பரப்பி, அதன்மேல் வெவ்வேறு பேஜ்களைச் சொட்டுச் சொட்டாக வைத்து 37 பாகையில் ஓரிரவு விடுவார்கள். பிடித்த இடம் தெளிந்து வட்டமாகத் தெரியும். இதை மட்டும் நம்பவும் கூடாது: அளவுக்கு மிஞ்சிய பேஜ் ஒரேயடியாக ஒட்டினால், உள்ளே பெருகாமலே பற்றீரியா வெடிக்கும். அதனால் பத்துப் பத்து மடங்காக ஐதாக்கி, தனித்தனிப் புள்ளிகள் விழுகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்கள். தேறிய பேஜை வளர்த்து, 0.22 மைக்ரோன் வடியில் வடித்து, செத்த பற்றீரியாவிலிருந்து வரும் என்டோடொக்சின் நஞ்சையும் அகற்ற வேண்டும். அதை அகற்றாமல் நரம்பில் ஏற்றினால் காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும்.

இவ்வளவு செய்தும் பலிக்காமல் போகலாம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காயக்காரருக்கு 12 பேஜ் சேர்ந்த கலவையைப் பூசிப் பார்த்த ‘பேகோபேர்ன்’ ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. மில்லிலீற்றருக்கு 10 இலட்சம் பேஜ் இருக்கவேண்டிய மருந்தில், கையிருப்பில் வைத்திருந்தபோதே வீரியம் இறங்கி, நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது 100 அளவில்தான். வழமையான வெள்ளிக் களிம்பே வேகமாக வேலை செய்தது. குளிரில் வைக்காமல் பார்சலில் சுற்றிவரும் போத்தலின் கதியை யோசித்துப் பாருங்கள்.

காலில் இன்னும் ஒரு சிக்கல்: செத்த சதையை வெட்டி எடுக்காவிட்டால், எலும்புக்குள் தொற்று இருந்தால், இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் எந்த மருந்தும் சேராது. பொவிடோன் அயடீன் பட்டால் பேஜ் செத்துவிடும் என்பதையும் பலர் அறிவதில்லை.

இப்போது டொக்டரிடம் கேட்க வேண்டியவை: எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே, காலின் இரத்த ஓட்டப் பரிசோதனை, சீனி அளவு, புதிய கல்ச்சர். கட்டை அவிழ்த்ததும் மேலே நிற்கும் சீழைத் தொட்டெடுத்த மாதிரி பெரும்பாலும் வழிதவறச் செய்யும். சேலைனால் கழுவி, புண்ணின் அடியிலிருந்து சிறு துண்டுச் சதை எடுப்பதே நல்லது. அதுவும் அடுத்த அன்டிபயோட்டிக் தொடங்குமுன். அந்தப் பற்றீரியாவைச் சேமித்து வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பின்னர் வெளிநாட்டில் பேஜ் தேடுவதானால் அதுதான் வேண்டும். அதை அனுப்புவது ஆய்வுகூடத்தின் வேலை, சித்தப்பாவின் பையில் போகக்கூடாது.

கேள்வி: பேஜுக்குப் பதிலாக அதன் நொதியத்தை மட்டும் கொடுத்தால் என்ன?
– உயர்தர மாணவர், புதுக்குடியிருப்பு

பதில்: கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பற்றீரியாவுக்குள் பெருகி முடிந்த பேஜ்கள் வெளியேற, ஹோலின் என்ற புரதம் கல மென்சவ்வில் துளை போடும். அதனூடாக லைசின் நொதியம் போய்ச் சுவரை அறுக்கும். கிராம் நேர் என்ற வகைப் பற்றீரியாவின் சுவர் வெளியே திறந்திருப்பதால் லைசினை வெளியிலிருந்து ஊற்றினாலே வெடிக்கும். சூடோமோனாஸ் போன்ற கிராம் மறை வகைக்கு வெளிமென்சவ்வு ஒன்று குறுக்கே நிற்கிறது. அதைத் துளைக்கும் பெப்தைட் துண்டைச் சேர்த்துத் தைத்த லைசின்களும் உண்டு. லைசின் பெருகாது, எனவே அளவு கணக்காக இருக்கும். எதிர்ப்பு உருவாவதும் அரிது. ஆனால் சில மணித்தியாலத்தில் உடலிலிருந்து நீங்கிவிடும். எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலின் மருந்துக்கு மசியாத வகை) உட்பட்ட ஸ்டெபிலோகொக்கஸ் பற்றீரியாவின் இரத்தத் தொற்றுக்கான எக்செபகேஸ் என்ற லைசின், நோயாளிகளில் செய்த ஆய்வின் இரண்டாம் கட்டத்தில் நம்பிக்கை தந்தும், மூன்றாம் கட்டம் பலன் தெரியாமல் 2022இல் நிறுத்தப்பட்டது. எனக்கு லைசின்மேல்தான் நம்பிக்கை கூட. தனியாக அல்ல, அன்டிபயோட்டிக்குடன் சேர்த்து.

கேள்வி: இரணைமடுக் குளத்துத் தண்ணீரிலும் பேஜ் இருக்குமா? புண்ணில் ஊற்றலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: இருக்கும். கங்கை, யமுனை நீர் கொலராக் கிருமியைக் கொல்வதை ஹன்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1896இலேயே எழுதினார். ஊற்றவே கூடாது. குளத்து நீரில் பேஜுக்குப் பக்கத்திலேயே கிருமியும் இருக்கும். அதைவிட, சில பேஜ்கள் நஞ்சு மரபணுவைச் சுமப்பவை. கொலரா நஞ்சின் மரபணுவே ஒரு பேஜில்தான் இருக்கிறது. மருந்துக்கு எடுக்குமுன் மரபணு முழுவதையும் வாசிப்பது அதனால்தான்.

கேள்வி: வயலில் இறங்குபவர்களுக்கு மண், சேற்றுப் பற்றீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் நோய்க்குப் பேஜ் உதவுமா?
– விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: இப்போதைக்கு இல்லை. அந்தப் பற்றீரியா எங்கள் உடற்கலங்களுக்குள் ஒளிக்கும். பேஜ் அங்கே இலகுவில் நுழையாது. இதற்கு மருந்து இருக்கிறது: செப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் குறைந்தது 10–14 நாள் ஊசியில், பிறகு கோட்ரைமொக்சசோல் 3 மாதம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். சீனி வருத்தக்காரர் மழைக்காலத்தில் பூட்ஸ் போடாமல் சேற்றில் இறங்க வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அது மாறும்வரை வயல் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.