வீட்டுக்கு அனுப்பிய மிச்சத்தில் மாதம் ஓடுமா?

கேள்வி: வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. கைக்கு வரும் சம்பளத்தை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால் அறுபதை வந்த அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். வாடகை, சாப்பாடு போக 20ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் இருப்பதில்லை. அறையில் இருப்பவரிடம் கைமாற்று வாங்குகிறேன், அடுத்த சம்பளத்தில் முதலில் அதைத்தான் அடைக்கிறேன். வெட்டிச் செலவு எதுவும் கிடையாது. எங்கே தப்பு செய்கிறேன்? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் செலவாளி இல்லை, முதலில் அதை நம்புங்கள். அந்த அறுபது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே, அங்கே வாடகை எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று எதுவுமே தெரியாத நேரத்தில், கடன் கொடுத்தவருக்கும் வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்த தொகையாக இருக்கும். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று பத்து மாதமாக உங்கள் வயிற்றில் கை வைக்கிறீர்கள்.

ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்புவது சராசரியாக அவர்கள் சம்பாதிப்பதில் சுமார் 15 சதவீதம்தான், மீதி 85 சதவீதம் வேலை பார்க்கிற நாட்டிலேயே தங்கிவிடுகிறது. இது குடும்பத்தோடு குடியேறியவர்களையும் சேர்த்த சராசரி, கடனை வைத்துவிட்டுத் தனியாகப் போனவர் இதைவிடக் கூடுதலாக அனுப்பத்தான் வேண்டியிருக்கும். ஆனாலும் அறுபதை அனுப்ப முடியாமல் திணறுவதை உங்கள் குறையாக நினைக்காதீர்கள்.

ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள். வாடகை, போன், பயணம் என்று மாறாமல் வருவதை ஒரு பக்கத்திலும், அன்றாடம் கையிலிருந்து போவதை அடுத்த பக்கத்திலும் போடுங்கள். மூன்றாவது பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது: வருடத்துக்கு ஒரு தடவை வருகிற செலவுகள். ஊருக்குப் போகும் டிக்கெட், அனுமதிப் பத்திரங்களைப் புதுப்பிக்கிற கட்டணம், பல் வலி, கிழிந்துபோகிற ஷூ, வீட்டில் ஒரு விசேஷம். இவற்றையெல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கைமாற்று தொடங்குவது இந்த மூன்றாவது பக்கத்தில்தான். ஒரு மாதம் டிக்கெட், அடுத்த மாதம் மருத்துவம், ஒவ்வொரு முறையும் ‘இது எதிர்பாராத செலவு’ என்று சொல்லிக்கொள்கிறோம், ஆனால் வருடத்தில் ஏதோ ஒரு மாதம் அது வரும் என்று நமக்குத் தெரியாதா என்ன?

மூன்று பக்கத்தையும் கழித்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் நீங்கள் அனுப்பக்கூடிய பணம். இதையும் ஓவர்டைம் இல்லாத மாதத்துச் சம்பளத்தை வைத்துத்தான் போட வேண்டும். ஓவர்டைம் வந்தால் அதை வழக்கமாக அனுப்புவதோடு சேர்க்காதீர்கள், ஏனென்றால் இரண்டு மாதம் கூடுதலாகப் போய்விட்டால் வீட்டில் அதுவே உங்கள் சம்பளம் என்று ஆகிவிடும். அந்தப் பணத்தில் முதலில் அவசரமாக ஊர் திரும்ப ஒரு டிக்கெட்டுக்கும் ஒரு மாத வாடகைக்கும் ஆகும் அளவு சேர்த்து ஒதுக்குங்கள், அப்புறம் முழுவதையும் ஊர்க் கடனில் போடுங்கள். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். எந்த வங்கியில் எந்தச் சேமிப்பில் போட்டாலும் அந்த அளவுக்கு வட்டி வராது, அதனால் அந்தக் கடன் இருக்கிறவரை வேறு சேமிப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதானே தயங்குகிறீர்கள்? நானும் ஆறு பேர் இருந்த அறையில் இரண்டு வருடம் மறைத்தேன். கடைசியில் வாயால் சொல்லத் தைரியம் வராமல் நோட்டின் அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஷூவுக்குப் பசை வாங்கியதுகூட அதில் இருந்தது. இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் அம்மா கூப்பிட்டு, தங்கச்சியின் காலேஜ் ஃபீஸை இனிமேல் இரண்டு தவணையாகக் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, ‘புது ஷூ வாங்கிட்டியா?’ என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியாததால்தான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கேள்வி: பணம் அனுப்பும்போது ‘கட்டணமே இல்லை’ என்று சொல்லும் இடத்தில்தான் அனுப்புகிறேன். என்னோடு வேலை பார்க்கும் அக்கா, அது ஏமாற்று என்கிறார். உண்மையா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது. சும்மா யாரும் வேலை செய்ய மாட்டார்கள், கட்டணமாக எடுக்காததை மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள். எண்ணாகப் பார்த்தால் சட்டென்று புரியும். நீங்கள் 1,000 அனுப்புகிறீர்கள், சந்தையில் அன்றைய விகிதம் 23.40 என்று வைத்துக்கொள்வோம். கட்டணமில்லாத இடத்தில் 22.80 தருகிறார்கள், வீட்டுக்கு 22,800 போகிறது. அடுத்த இடத்தில் 15 கட்டணம், ஆனால் விகிதம் 23.30. கட்டணம் போக மிச்சம் 985, அதை 23.30ஆல் பெருக்கினால் சுமார் 22,950. கட்டணம் கொடுத்த இடத்தில்தான் 150 கூடுதல். அதனால் கவுன்ட்டரில் நின்று கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ‘நான் இவ்வளவு கொடுத்தால் வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேரும்?’ இரண்டு மூன்று இடங்களில் ஒரே நாளில் ஒரே தொகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் அதே 15 என்றால் மாதத்தில் நான்கு தடவை பிரித்து அனுப்பும்போது 60 போய்விடும். மாதம் ஒரே தடவை, ஒரே தேதி என்று வைத்துக்கொள்வது உங்களுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. விகிதம் ஏறட்டும் என்று நாள் கணக்கில் காத்திருந்து அதற்குள் கடன் வட்டி ஏறிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். உலக வங்கியின் கணக்குப்படி 200 டாலர் அனுப்ப உலக அளவில் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது. அதை 2030க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. கொஞ்சமாக அனுப்புகிறவர்களிடம்தான் விகிதாசாரத்தில் அதிகம் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

கேள்வி: எதை வாங்கப் போனாலும் நம் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்க்கிறேன், உடனே மனசு வராமல் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். இது நல்ல பழக்கமா?

பதில்: முதல் மாதத்துக்கு நல்லது, கை தானாக இறுகும். அதற்கு மேல் அதுவே கெடுதல். ஊர்ப் பணத்தில் பார்த்தால் அங்கே எல்லாமே அநியாய விலைதான், காய்கறி முதல் காய்ச்சல் மாத்திரை வரை. அப்படி மாற்றிப் பார்த்தே டாக்டரிடம் போகாமல் காலில் பட்ட காயத்தை வளரவிட்டு, கடைசியில் மூன்று வாரம் சம்பளம் இல்லாமல் படுத்திருந்த ஒருவர் எங்கள் அறையிலேயே இருந்தார். மாற்றிப் பார்ப்பதற்குப் பதிலாக, இதை வாங்க நான் எத்தனை மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்று பாருங்கள். ஒரு மணி நேரச் சம்பளத்தில் ஒரு நாள் நன்றாகச் சாப்பிட முடிகிறது என்றால் சாப்பிடுங்கள். ஒரு வார உழைப்பைக் கேட்கும் போனை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். சேமித்ததை எண்ணும்போது மட்டும் ஊர்ப் பணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சந்தோஷமாக இருக்கும்!

கேள்வி: வேலைக்கான கடிதம் வந்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். சம்பளம் நன்றாகத்தான் தெரிகிறது. கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: மொத்தத் தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பல நாடுகளில் ஓவர்டைமும், வேலை முடிந்து கிளம்பும்போது கிடைக்கும் தொகையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. அது சிறியதாக இருந்தால் உங்கள் உழைப்பின் கணக்கும் சிறியதாகிவிடும். அப்புறம் பிடித்தங்கள்: தங்கும் இடம், சாப்பாடு, போக்குவரத்து, வரி, காப்பீடு, இவற்றில் எதை நிறுவனம் கொடுக்கிறது, எதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். இலவசத் தங்குமிடம் இல்லையென்றால் போன உடனே வாடகைக்கு முன்பணம் கொடுக்க வேண்டிவரலாம், முதல் சம்பளமோ ஒரு மாதம் கழித்துத்தான் வரும். அதனால் குறைந்தது ஒன்றரை மாதச் செலவுக்குப் பணம் கையோடு போக வேண்டும். இதை யாருமே முன்னாடி சொல்வதில்லை, பாதிப் பேரின் முதல் கைமாற்று இதில்தான் ஆரம்பிக்கிறது.

வேலை வாங்கித் தருவதற்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் பொது விதி. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, நடைமுறையிலும் பலர் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் உங்கள் நாட்டுச் சட்டம் எவ்வளவு வரை அனுமதிக்கிறது என்று பார்த்து, அதற்கு மேல் கொடுக்காதீர்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பாஸ்போர்ட்டை யாராவது வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தால் கவனம். அடையாள ஆவணத்தைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அடையாளங்களில் ஒன்றாக அதே அமைப்பு சொல்கிறது.

கேள்வி: ஊருக்குப் போகும் நண்பர் கையில் பணம் கொடுத்துவிட்டால் கட்டணம் மிச்சம்தானே?

பதில்: நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். பணம் வழியில் தொலைந்தால் கேட்க உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் அதை அறிவிக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது, மாட்டிக்கொள்வது அவர். அதோடு நாளைக்கு ஊரில் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி மேனேஜர் உங்கள் வருமானத்துக்கு ஆதாரம் கேட்பார், மாதாமாதம் ஒரே தேதியில் கணக்கில் வந்து விழுந்த பணம்தான் அப்போது காட்ட உதவும். வங்கி வழியாகவே அனுப்புங்கள். நண்பரிடம் அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.