அண்ணாச்சி பதில்கள்: இந்த மாதம் முழுக்க செவெல்தான்

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். குவைத்தில் இருந்தபோது ஒரு செவர்லே செவெல் காரின் பானட்டுக்குள் ஒரு காலை இறக்கி நின்றுகொண்டு பிளக் மாற்றினேன் என்று. கிளட்ச் தேய்மானம், டயர் காற்று எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு அத்தனை பேரும் அந்தக் காரைப் பற்றியே கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பதினாறு அடி நீளக் காரை அமெரிக்காவில் 'நடுத்தர அளவு' என்கிறார்களாமே, நிஜமா அண்ணாச்சி?
சு.ம., சாத்தூர்

நிஜம்தான். 1964-இல் வந்த முதல் செவெல் பதினாறு அடி இரண்டு அங்குலம். நம் அம்பாசிடரே பதினாலு அடி சொச்சம்தான். ஆனால் அதே வருட இம்பாலாவை அளந்தால் பதினேழரை அடி! அதன் பக்கத்தில் நிறுத்தினால் செவெல் தம்பி மாதிரிதான் தெரியும்.

கதை இதுதான். 1955 முதல் 1957 வரை வந்த செவர்லே கார்களை அமெரிக்கக் குடும்பங்கள் ஆசையாக வாங்கின. அவற்றின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 115 அங்குலம். அதற்குப் பிறகு கம்பெனி காரை வருடாவருடம் நீட்டிக்கொண்டே போனது. இன்னொரு பக்கம் கார்வேர், செவி டூ என்று சின்னக் கார்கள். நடுவில் பெரிய ஓட்டை. ஃபோர்டுக்காரர்கள் 1962-இலேயே ஃபேர்லேனை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு வருடம் கழித்து விழித்துக்கொண்டு செவெலை இறக்கியது. சக்கர இடைவெளி எவ்வளவு தெரியுமா? அதே 115 அங்குலம். ஜனங்கள் கேட்ட பழைய காரைப் புதுச் சட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றே நான் சொல்வேன். முதல் வருடமே மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. போன்டியாக் டெம்பெஸ்ட், ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ், பியூக் ஸ்கைலார்க் மூன்றும் அதே கம்பெனியின் மற்ற பிரிவுகளிலிருந்து இதே அடித்தளத்தில் வந்த பங்காளிகள்.

யூடியூபில் பார்த்தால் செவெல் என்றாலே பானட்டில் பட்டைக்கோடு, டயர் புகை. நீங்கள் குடும்பக் கார் என்கிறீர்கள். எது சரி?
ர.வி., திருப்பூர்

இரண்டும் ஒரே கார்தான் தம்பி. விலை குறைந்த 1964 செவெலில் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 120 குதிரைசக்தி. நாலு கதவு, பின்னால் பெட்டி வைத்த ஸ்டேஷன் வேகன் என்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வண்டியாகத்தான் பெரும்பாலும் ஓடியது. அதே ஃபிரேமில், அதே கதவோடு, பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்ததுதான் நீங்கள் பார்க்கிற புகை.

தூக்கி வைத்த கதையில் ஆபீஸ் அரசியல் உண்டு. 1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம், எங்கள் எந்தப் பிரிவும் பந்தயத்தில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. நடுத்தரக் காரில் எஞ்சினின் கொள்ளளவு 330 கன அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு கட்டுப்பாடு. போன்டியாக் பிரிவில் இருந்த ஜான் டிலோரியனும் கூட்டாளிகளும் என்ன செய்தார்கள்? 389 கன அங்குல எஞ்சினைப் புதுக் கார் என்று காட்டாமல், டெம்பெஸ்டில் 'கூடுதல் வசதி' என்று பட்டியலில் ஒரு வரியாகச் செருகினார்கள். முந்நூறு டாலருக்கும் கீழே. அதற்கு ஜி.டி.ஓ. என்று பெயர். 1964-இல் 32,450 பேர் வாங்கினார்கள். அவ்வளவு பணம் வந்து விழுந்த பிறகு மேலிடம் என்ன கோபப்படும்! வரம்பை 400 கன அங்குலத்துக்கு உயர்த்திவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டது.

பங்காளி வீட்டில் பந்தி நடக்கும்போது செவர்லேக்காரன் சும்மா இருப்பானா? 396 கன அங்குலம், அதாவது ஆறரை லிட்டர் எஞ்சினோடு வந்தான். 400 வரம்பை ஒட்டி நாலே நாலு அங்குலம் கீழே! எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) 396 என்ற அந்தக் கார் 1966-இல் எழுபதாயிரத்துக்கு மேல் விற்றது. 1970-இல் எஞ்சினை 402-க்குப் பெரிதாக்கியும் 396 என்ற பட்டையை மாற்றவில்லை. பேர் வாங்கின கடைக்கு யார் போர்டு மாற்றுவார்கள்?

அந்த 1970-இலேயே வரம்பும் போனது. உடனே 454 கன அங்குலம், 7.4 லிட்டர். அதிலும் எல்.எஸ்.6 என்ற ரகத்துக்கு 450 குதிரைசக்தி என்று கம்பெனியே எழுதிக் கொடுத்தது. அந்த எஞ்சினோடு வந்தவை 4,475 வண்டிகள்தான், பின்னால் தொட்டி வைத்த எல் கமினோவையும் சேர்த்து. ஏலத்தில் பணக்காரர்கள் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

பானட்டின் பின்பக்கம், கண்ணாடியை ஒட்டி ஒரு மூடி தானாகத் திறக்கிறதே, அது எதற்கு? காற்று முன்னாலிருந்துதானே வரும்?
கா.பி., தேனி

நல்ல கேள்வி. கார் வேகமாகப் போகும்போது காற்று முன் கண்ணாடியில் மோதித் தேங்குகிறது. கண்ணாடியின் அடிவாரத்தில் அழுத்தம் கூடுகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சினின் உறிஞ்சு அழுத்தம் மாறும். அதை வைத்து அந்த மூடி திறந்து, தேங்கிய குளிர்ந்த காற்று, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்ப்பரேட்டருக்குப் போகும். பானட்டுக்குள் இருக்கிற சூட்டுக் காற்றைவிட அது அடர்த்தியானது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும், சிக்னலில் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொஞ்சம் பயமும் வரும்.

குவைத்தில் இந்தக் காரோடு மறக்க முடியாத அனுபவம்?
நா.செ., கோவில்பட்டி

1975 கடைசியில் ஷுவைக் பகுதியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்பாசிடரும் ஃபியட்டும். முதல் நாள் ஒரு ஆறு சிலிண்டர் மாலிபுவைத் திறந்தேன். மாலிபு என்பது செவெலில் கொஞ்சம் அலங்காரம் கூடின ரகம். எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு இடம். ஸ்பானர் கீழே விழுந்தால் தரையில்தான் போய் விழும், நடுவில் எங்கும் சிக்காது. இன்றைக்குப் பல்பு மாற்ற பம்பரைக் கழற்றச் சொல்லும் கார்களைப் பார்க்கும்போது அந்த இடத்தை நினைத்துக்கொள்வேன்.

எட்டு சிலிண்டர் வண்டியில்தான் அவமானப்பட்டேன். ஒரு எகிப்திய வாத்தியாரின் 1971 மாலிபு. பிளக் வயர் எட்டும் வெயிலில் வெடித்துப் போயிருந்தன. புதிதாக மாட்டினேன். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றுகிற வரிசை, 1-8-4-3-6-5-7-2. இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய்ப்பாடு மாதிரி சொல்வேன். மாட்டின பிறகு, நம் ஊர் அழகுணர்ச்சியில், வயர்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டினேன். ஸ்டார்ட் செய்து வேகம் ஏற்றினால் எஞ்சின் திக்குகிறது. மூன்று முறை வரிசையைச் சரிபார்த்தேன், தப்பே இல்லை.

போர்மேன் ஒரு பாலஸ்தீனத்துப் பெரியவர். வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் நான் கட்டின கட்டை அறுத்தார். ஐந்தாம் வயரையும் ஏழாம் வயரையும் விலக்கி வைத்தார். திக்கல் போய்விட்டது. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றுபவை. வயர்களை ஒட்டிக் கட்டினால் ஐந்தாம் வயரில் ஓடும் மின்சாரம் ஏழாம் வயரையும் தூண்டிவிடும், நேரம் வருவதற்கு முன்பே ஏழாம் சிலிண்டர் பற்றிக்கொள்ளும். அன்று கற்றதை இன்றும் பட்டறைப் பையன்களுக்குச் சொல்கிறேன்.

பதிலுக்கு நானும் ஒன்று கற்றுக்கொடுத்தேன். ஆகஸ்ட் மதியத்தில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றால், பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவது. அம்பாசிடர் சொல்லித் தந்த பாடம் செவர்லேக்கும் பலித்தது.

அண்ணாச்சி, ஹூஸ்டனில் இருக்கிறேன். 1970 செவெல் எஸ்.எஸ். ஒன்று விலைக்கு வருகிறது. அசல்தான் என்று எப்படி உறுதிசெய்வது?
பா.கோ., டெக்சாஸ்

முதலில் பர்ஸை மூடி வையுங்கள். 1969 முதல் எஸ்.எஸ். என்பது தனி மாடல் இல்லை, கூடுதல் வசதித் தொகுப்பு. அதனால் டாஷ்போர்டில் கண்ணாடி வழியாகத் தெரியும் நம்பரை வைத்து அது எஸ்.எஸ். என்று சொல்லவே முடியாது. 13637 என்று தொடங்கினால், எட்டு சிலிண்டர் மாலிபு, இரண்டு கதவு என்று அர்த்தம், அவ்வளவுதான். 450 குதிரைசக்தி வண்டிக்கும் பாட்டி சர்ச்சுக்கு ஓட்டிப் போன மாலிபுவுக்கும் அதே ஐந்து எண்கள்.

பட்டை, பானட், வட்ட மீட்டர், கிரில் எல்லாம் இன்றைக்குப் புதிதாகவே கிடைக்கிறது. பின் ஆக்சில் மூடியில் 12 போல்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் அது முடிவான சாட்சி இல்லை, மாற்றிக்கொள்ளலாம். எஞ்சின் முகப்பில் அடித்த எழுத்தைப் பாருங்கள். எல்.எஸ்.6, கை கியர் என்றால் சி.ஆர்.வி. என்று முடியும். ஆனால் அதையும் அரத்தால் ராவிவிட்டுத் திருப்பி அடிக்கிற கைகாரர்கள் உண்டு. நம்பத் தகுந்தது, தொழிற்சாலையில் வண்டியோடு வந்த காகிதம். பெட்ரோல் டேங்க்கின் மேலோ சீட் ஸ்பிரிங்கிலோ செருகிக் கிடக்கும். டேங்க்கை இறக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அல்லது மாலிபு விலைக்குக் கொடுத்தால் மாலிபுவாக வாங்குங்கள். ஓட்டுகிற சுகத்துக்கு அது போதும் என்பது என் கட்சி.

இவ்வளவு நல்ல கார் ஏன் நின்றது?
அ.ஜோ., நாகர்கோவில்

இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ் விலை ஏறியது. 1971-இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக எஞ்சின் அழுத்தத்தைக் குறைத்தார்கள். 1972-இல் சக்தியை அளக்கும் முறையே மாறியதில் 454 எஞ்சினுக்கு 270 என்று எழுத வேண்டியதாயிற்று. 1973-இல் புது உடல், கனத்த பம்பர், வருடக் கடைசியில் எண்ணெய் நெருக்கடி. 1977-ஓடு செவெல் என்ற பெயரை நிறுத்திவிட்டு, 1978 முதல் மாலிபு என்றே விற்றார்கள்.

1982-இல் பாக்தாத்தில் வேலை பார்த்தேன். டாக்சியெல்லாம் மாலிபு. அது இதன் வாரிசா?
மு.அ., ராமநாதபுரம்

அதேதான் பாய். 1981-இல் ஈராக் அரசாங்கம் கனடாவின் ஜெனரல் மோட்டார்ஸிடம் 25,000-க்கு மேல் மாலிபு கேட்டது. 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர், தரையில் மூன்று கியர். பாதி போய்ச் சேர்ந்த நிலையில் மீதியை ஈராக் வேண்டாம் என்றுவிட்டது. மிஞ்சியதைக் கனடாக்காரர்களுக்கே மலிவாகத் தள்ளிவிட்டார்கள். பனியில் ஓடிய அந்த வண்டிகளுக்கு அங்கே 'ஈராக்கி டாக்சி' என்று பட்டப்பெயர்.

மைலேஜ் என்ன கொடுக்கும்?
பதினாறு பேர், பல ஊர்கள்

நான் ஓட்டிப் பார்த்த எட்டு சிலிண்டர் மாலிபு லிட்டருக்கு ஐந்து, நல்ல மனநிலையில் இருந்தால் ஆறு. ஏழு வருடம் அங்கே வேலை பார்த்தேன். இந்தக் கேள்வியை ஒரே ஒருவர்தான் கேட்டார். அவரும் நம் ஆள், அம்பாசமுத்திரம்.